பற்றரியில் ஓடும் கதிரை

"மின்சார சக்கர நாற்காலி ஒண்டு எடுத்துக் குடுத்தா பிரச்சினை முடிஞ்சுதானே?" எங்கட பட்ச் பெடியன் ஒருத்தன் கேட்டான். அந்தக் கதிரையின்ர வரலாற்றைப் பார்த்தால், அங்கதான் பிரச்சினையே தொடங்குது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தொற்று ஏற்பட்டுச் சீக்கிரமே இறந்துபோனார்கள். பென்சிலினும் நல்ல பராமரிப்பும் வந்தபிறகு உயிர் தப்பினார்கள். ஆனால் கையும் வழங்காதவர்களைத் தள்ளிக்கொண்டுபோக எப்போதும் ஒராள் வேணும். அப்படியான முன்னாள் படைவீரர்களுக்காகத்தான் கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் ஜோர்ஜ் க்ளைன் என்ற பொறியியலாளரின் குழு மின்சாரக் கதிரையை வடிவமைத்தது. இரண்டு பக்கச் சில்லுக்கும் தனித்தனி மோட்டர், திருப்ப ஒரு ஜோய்ஸ்டிக். 1956இல் அமெரிக்காவின் எவரெஸ்ட் அன்ட் ஜெனிங்ஸ் கம்பனி இவ்வகைக் கதிரைகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது.

அதன் நன்மை என்ன எண்டு அறிய எட் ரொபேட்ஸைப் பாருங்கள். போலியோவால் உடல் செயலிழந்த அவர் 1962இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். காதல் வந்தது. ஆனால் காதலியோட தனியக் கதைக்க ஏலாது, கதிரை தள்ளுற ஆள் பின்னாலயே நிப்பார்! இரண்டே விரல்கள்தான் அசையும், அதுவும் தள்ள வராது, இழுக்கத்தான் வரும். ஆகவே கட்டுப்பாட்டுக் கருவியைத் திருப்பிப் பூட்டி மின்சாரக் கதிரையை ஓட்டினார்.

தீமைகளும் கூடவே வந்தன. பாரம் அதிகம், விலையும் அதிகம். பற்றரி இறங்கினால் நடு றோட்டில் நிக்கவேண்டியதுதான். சாதாரண கதிரையைப் படியில் நாலுபேர் தூக்கலாம், இதைத் தூக்க முடியாது. பேர்க்லி மாணவர்கள் அதற்காகக் கதிரையைக் குறை சொல்லவில்லை. 1970இல் தொடங்கிய தங்கள் மாணவர் திட்டத்திலேயே கதிரை திருத்தும் இடம் வைத்தார்கள். நடைபாதை ஓரங்களைச் சரிவாக்கும்படி நகரசபையிடம் கேட்டு வென்றார்கள்.

இலங்கையிலும் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. எங்கட விரிவுரை மண்டபத்துக்கு இண்டைக்கும் படி மட்டும்தான். "நாங்க தூக்கிவிடுவம் மச்சான்" எண்டு அவன் சொன்னான். நல்ல மனம்தான். ஆனால் ஒருத்தரிட்டயும் தூக்கச் சொல்லிக் கேக்காமல் போய்வரத்தானே அந்தக் கதிரையே வந்தது?