மனுசனுக்கு என்ன விலை?

நீசா நகரத்து ஆயர் கிரகோரியை இறையியல் படித்தவர்கள் அறிவார்கள். மூவொரு கடவுள் கோட்பாட்டுக்காக வாதாடியவர். 376இல் எதிரணியினர் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 378இல் திரும்பி வந்தார். 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தில் பெரிய குரலாக இருந்தார். 787இல் கூடிய சங்கம் அவரைத் 'தந்தையர்க்குத் தந்தை' என்று போற்றியது. இத்தனை புகழும் கடவுளின் உள்ளியல்பைப் பற்றி எழுதியதற்காக. மனுசனை மனுசன் விலைக்கு வாங்குவதைப் பற்றி அவர் பேசிய ஒரு பிரசங்கமும் இருக்கிறது. அதை யாரும் பெரிதாகக் கொண்டாடியதில்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

இன்று துருக்கியில் இருக்கும் கப்பதோக்கியாதான் அவருடைய மண். 335 வாக்கில் பிறந்தார். சாதாரணக் குடும்பமில்லை, பல மாகாணங்களில் நிலம், வீடு நிறைய அடிமைகள். அடிமை இல்லாமல் ஒரு நாள் ஓடாத சமுதாயம் அது. திருச்சபையும் அதோடு ஒத்துப்போயிற்று. எசமானே, அடிக்காதே, அடிமையே, கீழ்ப்படி. இதுதான் உபதேசம். அந்த நூற்றாண்டின் நடுவில் கங்கிரா என்ற ஊரில் ஆயர்கள் கூடினார்கள். பக்தியின் பேரால் அடிமையை எசமானுக்கு எதிராகத் தூண்டிவிட்டு ஓடிப்போகச் சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்று சட்டம் போட்டார்கள். யாரோ அப்படிச் சொல்லியிருக்கப் போய்த்தானே சாபம் போட வேண்டி வந்தது! செபஸ்தே நகர எயுஸ்தாத்தியுஸ் என்ற துறவியைப் பின்பற்றியவர்கள் மீதுதான் அந்தச் சாபம்.

கிரகோரியின் அண்ணன் பசில், 'பெரிய பசிலியார்' என்று புகழப்படுபவர், ஏழைகளுக்குச் சோறு போட்டவர். அவரே தூய ஆவியைப் பற்றிய தம் நூலில் என்ன சொல்கிறார்? இயற்கையில் யாரும் அடிமையில்லை என்று தொடங்குகிறார். அடுத்த மூச்சிலேயே, அறிவு குறைந்தவன் அறிவுள்ளவனுக்கு அடிமையாக இருப்பது அவனுக்கே நல்லது என்கிறார். கானானுக்கு இட்ட சாபத்தையும் துணைக்கு இழுக்கிறார். தப்பியோடி மடத்துக்கு வரும் அடிமையைப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பு என்பது அவர் மடங்களுக்கு எழுதிய விதி. எசமான் தீய செயலைச் செய்யச் சொன்னால் மட்டும் விலக்கு. சமத்துவத்தை வாயால் ஒத்துக்கொண்டு மறுவரியில் பிடுங்கிக்கொள்கிற இந்த வித்தை நமக்குப் புதுசா என்ன?

380ஐ ஒட்டி, பிரசங்கி நூலுக்குத் தொடர்ந்து விளக்கம் சொல்லி வந்த கிரகோரி இரண்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்துக்கு வருகிறார். அரசன் தன் சொத்துகளைப் பட்டியல் போடுகிற இடம். அடிமைகளை வாங்கினேன், வீட்டிலேயும் அடிமைகள் பிறந்தார்கள் என்று வருகிறது. (நம்ம தமிழ் வேதாகமம் அங்கே 'வேலைக்காரர்' என்று போட்டு மழுப்புகிறது. வேலைக்காரனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. எசமானின் சொல்லை எசமானுக்கு வசதியாகவே பெயர்த்திருக்கிறார்கள்.) வழக்கமாக விளக்கம் சொல்கிறவர்கள் இந்த வசனத்தில் நிற்க மாட்டார்கள். கிரகோரி நிற்கிறார். இந்த அரசன் சொன்ன பெருமைகளிலெல்லாம் திமிர் பிடித்தது இதுதான் என்கிறார்.

அவருடைய வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆடுமாடுகளையும் பறவைகளையும்தான் கடவுள் உன் கையில் கொடுத்தார். உன் இனத்தையே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நாலுகால் பிராணியோடு சேர்க்க உனக்கு யார் உரிமை தந்தது? எத்தனை காசுக்கு வாங்கினாய்? சிந்திக்கிற திறனுக்கு என்ன ரேட்டு? கடவுளின் சாயலுக்கு எத்தனை பணம் எண்ணி வைத்தாய்? விற்றவன் யார்? மனுசனைச் சுதந்திரமாகப் படைத்த கடவுளே அந்தச் சுதந்திரத்தைத் திரும்ப எடுக்க மாட்டார் என்கிறபோது, நீ கடவுளுக்கு மேலா? விலைப் பத்திரம் கையில் இருக்கிறது என்கிறாயா? அந்தக் காகிதமும் மையும் உன்னை ஏமாற்றுகின்றன. உனக்கும் அவனுக்கும் ஒரே காற்று, ஒரே வெயில், அதே நோவு, அதே சாவு. எதில் நீ உசத்தி?

என்னை அதிர வைத்தது இன்னொரு கேள்வி. பூமி முழுவதையும் கடவுள் மனுசனுக்கு என்று கொடுத்துவிட்டார். அப்படியானால் சந்தையில் நிறுத்தப்பட்டிருப்பவன் பூமியின் சொந்தக்காரன். அவனை விற்பதானால் நிலம், தீவு, கடல் எல்லாவற்றையும் சேர்த்தல்லவா விலை சொல்ல வேண்டும்? பட்டா இல்லாத ஒருத்தனைப் பார்த்து, மண்ணே உன்னுடையதுதானே என்று சொல்வது லேசான பேச்சில்லை. அடிமையை நல்லபடி நடத்து என்றவர்கள் அந்தக் காலத்தில் பலர். வாங்குவதே தவறு என்று அடிமடியில் கை வைத்தது இவர்தான். ஒரு தலைமுறை கழித்து அகுஸ்தீன் வந்து, அடிமைத்தனம் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எழுதினார். மேற்கத்திய திருச்சபை அகுஸ்தீனை எடுத்துக்கொண்டது.

இந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? ஏட்டிலிருந்து மட்டும் வந்ததாக நான் நம்பவில்லை. அவருடைய மூத்த அக்காள் மக்ரீனாவின் வாழ்க்கையை அவரே எழுதி வைத்திருக்கிறார். பொந்து பகுதியில், ஈரிஸ் ஆற்றோரம் இருந்த குடும்பப் பண்ணையில் மக்ரீனா தன் கையால் அம்மாவுக்கு ரொட்டி சுட்டார். பெரிய வீட்டில் அது அடிமைப்பெண்ணின் வேலை. பிறகு அம்மாவிடம் பேசிப்பேசி, எசமானியம்மா பவிசை விட வைத்தார். வேலை செய்த பெண்களோடு ஒரே பந்தி, ஒரே மாதிரிப் படுக்கை. அடிமையாக இருந்தவர்கள் சகோதரிகள் ஆனார்கள். பஞ்சத்தில் வழியோரம் கிடந்த பெண்களையும் தூக்கிவந்து வளர்த்தார். 379இல் மக்ரீனா சாகும்போது கிரகோரி பக்கத்தில் இருந்தார். உடலுக்குப் போர்த்த நல்ல துணி ஒன்று அந்த வீட்டில் இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகு அதிக நாளாகவில்லை, இந்தப் பிரசங்கம் வருகிறது. அண்ணனின் இறையியலுக்கு எதிராக அக்காளின் அடுப்படி பேசுகிறது என்றே இதைப் படிக்கிறேன்.

குறையும் உண்டு. அவர் பேசியது எசமான்களைப் பார்த்து. எல்லோரையும் விடுதலை செய்யும் சட்டம் கேட்கவில்லை. சபை அவரைப் புனிதராக்கிற்றே தவிர, இந்தப் பிரசங்கத்தை விதியாக்கவில்லை. கங்கிராவின் சாபம்தான் சட்டத் தொகுப்புகளில் ஏறி நிலைத்தது. பிரசங்கி உரைகள் முழுவதும் ஆங்கிலத்தில் ஆய்வுகளோடு, ஸ்டூவர்ட் ஹால் பதிப்பாக, 1993இல் வந்தன. தந்தையர்க்குத் தந்தை பேசிய பேச்சுக்கு இந்தக் கதி.

மக்ரீனாவோடு ஒரே பந்தியில் உட்கார்ந்த அந்தப் பெண்கள்? லம்பாதியோன், வெத்தியானா என்று மடத்துப் பெண்கள் சிலரின் பெயரைக் கிரகோரி எழுதியிருக்கிறார். வெத்தியானா உயர்குடி விதவை. இவள் அடிமையாக இருந்தவள் என்று சொல்லி ஒருத்தியின் பெயரையும் அவர் குறித்து வைக்கவில்லை.