விரல் அளவுப் பெட்டியின் கதை – ஒளி டிரான்சீவர்களின் வரலாறு

கணினி வலையமைப்பு அறைகளில் உள்ள சுவிட்சின் முகப்பைப் பார்த்தால் வரிசையாகச் சிறு செவ்வகத் துளைகள் இருக்கும். அவற்றில் செருகப்படும் விரல் நீள உலோகப் பெட்டிதான் ஒளி டிரான்சீவர் மாட்யூல். மின்சாரமாக வரும் தகவலை ஒளியாக மாற்றி ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக்குள் அனுப்புவதும், எதிர்முனையிலிருந்து வரும் ஒளியை மீண்டும் மின்சாரமாக்குவதும் இதன் வேலை.

வாங்கப் போனால் ஒரே வடிவத்தில் பத்து வகை இருக்கும். விலையோ பல மடங்கு வேறுபடும். எதைத் தேர்ந்தெடுப்பது? வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கண்ணாடி வழிவிட்டது

1966ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஒரு கிலோமீட்டரில் ஏற்படும் ஒளி இழப்பை 20 டெசிபலுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி இழை வழியே தொலைபேசித் தகவலை அனுப்பலாம் என்பது அவர்கள் கருத்து. 20 டெசிபல் இழப்பு என்றால் நூறு பங்கு ஒளியில் ஒரு பங்குதான் மிஞ்சும். அன்றைய கண்ணாடியில் அதுகூட மிஞ்சவில்லை. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. அதே ஆண்டில், சாதாரண அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிரும் குறைகடத்தி லேசரும் உருவானது. இழையும் விளக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே கிடைத்தன. காவுக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 2009இல்தான்!

மூன்று எண்கள்

மாட்யூலின் மேல் 850, 1310, 1550 என்று ஏதாவது ஒரு எண் அச்சிடப்பட்டிருக்கும். இது நானோமீட்டரில் ஒளியின் அலைநீளம். தொடக்க கால லேசர்கள் 850ஐ ஒட்டி ஒளிர்ந்தன. வழக்கமான சிங்கிள் மோட் இழையில் 1310ஐ ஒட்டி ஒளித்துடிப்பு மிகக் குறைவாகச் சிதறுகிறது. 1550இல் இழப்பு மிகக் குறைவு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.2 டெசிபல்தான். ஆகவே 850 கட்டடத்துக்குள்ளும், 1310 ஊருக்குள்ளும், 1550 ஊர் விட்டு ஊருக்கும் என்று பொதுவாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

போட்டியாளர்கள் கைகோத்தார்கள்

ஆரம்பத்தில் லேசரும் ஒளி உணரியும் சர்க்யூட் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. லேசர் கெட்டால் பலகையையே மாற்ற வேண்டும். தூரம் கூடினாலும் அதே கதிதான். 1990களின் நடுவில் வந்த ஜிபிக் என்ற மாட்யூல் இந்தத் தளையை அறுத்தது. கருவியை அணைக்காமலேயே கழற்றி மாட்டலாம். ஆனால் பருமன் அதிகம்.

2000ஆம் ஆண்டில் பல உற்பத்தியாளர்கள் சேர்ந்து எஸ்எஃப்பி என்ற சிறிய மாட்யூலுக்கு ஒப்பந்தம் செய்தனர். சந்தையில் ஒருவரோடொருவர் மோதும் நிறுவனங்கள், பெட்டியின் நீள அகலம் முதல் ஒவ்வொரு பின்னின் வேலை வரை ஒரே அளவுக்கு ஒப்புக்கொண்டன. அரசோ தரக்கட்டுப்பாட்டு அமைப்போ கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சுவிட்சில் முன்பைவிட ஏறக்குறைய இருமடங்கு இணைப்புகள் அடங்கின. 2006இல் எஸ்எஃப்பி பிளஸ் வந்தபோது, அதே அளவுப் பெட்டியில் வேகம் 1 ஜிகாபிட்டிலிருந்து 10 ஜிகாபிட்டாக உயர்ந்தது.

கொடுத்ததும் பறித்ததும்

எல்லா மாட்யூலுக்குள்ளும் ஒரு சிறு நினைவகச் சில்லு உண்டு. தயாரிப்பாளர் பெயர், அலைநீளம், தூரம் போன்ற விவரங்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். செருகியது எது என்று சுவிட்ச் அறிவதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் சில கருவி நிறுவனங்கள் இதையே பூட்டாக்கின. தங்கள் பெயர் இல்லாத மாட்யூலை அவற்றின் சுவிட்ச் ஏற்க மறுக்கும். யாரிடமும் வாங்கலாம் என்று ஒப்பந்தம் கொடுத்த சுதந்திரத்தை, சில பைட் தகவல் பறித்துவிட்டது. பட்ஜெட் குறைந்த கல்லூரிக்கோ சிறு நிறுவனத்துக்கோ இது பெரிய பாரம். பிற தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தந்தச் சுவிட்சுக்கு ஏற்றபடி சில்லில் எழுதி விற்கத் தொடங்கினர். எனவே வாங்கும் முன் "இந்த மாடல் சுவிட்சில் வேலை செய்யுமா? செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்பது நல்லது.

தேர்ந்தெடுக்கும்போது

வடிவம் பொருந்துவதால் மட்டும் இணைப்பு வேலை செய்யாது. முதலில் இழை சிங்கிள் மோடா, மல்டி மோடா என்று பாருங்கள். எஸ்எக்ஸ் வகை 850இல் மல்டி மோட் இழைக்கு, அதிகபட்சம் 550 மீட்டர். எல்எக்ஸ் வகை 1310இல், முக்கியமாகச் சிங்கிள் மோடுக்கு. இரு முனையிலும் வேகமும் அலைநீளமும் ஒத்திருக்க வேண்டும். ஒற்றை இழையில் இருதிசையும் செல்லும் வகையில் மட்டும், ஒரு முனை அனுப்பும் அலைநீளத்தை மறுமுனை பெற வேண்டும், ஆகவே ஜோடியாக வாங்க வேண்டும்.

அடுத்து ஒரு எளிய கணக்கு. மாட்யூல் அனுப்பும் குறைந்தபட்ச ஒளி −9 டிபிஎம், எதிர்முனைக்குத் தேவையானது −19 டிபிஎம் என்றால் கையில் இருப்பது 10 டெசிபல். 1310இல் கிலோமீட்டருக்கு 0.4 வீதம் 10 கிலோமீட்டருக்கு 4 போகும். இணைப்பிகளுக்கு 2 என்று வைத்தால் மீதம் 4. பழுதுபார்ப்புக்கும் முதுமைக்கும் அது போதும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று 80 கிலோமீட்டர் மாட்யூலை அடுத்த கட்டடத்துக்குப் போடாதீர்கள். ஒளி மிஞ்சினால் ரிசீவர் திணறும், கெட்டும் போகலாம். ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் இல்லாமல் அதை இயக்கக் கூடாது.

கண்ணாடியைச் சுத்தமாக்கியது விஞ்ஞானம். அதை எல்லோர் கைக்கும் எட்டச் செய்ததில், போட்டியாளர்கள் ஒப்புக்கொண்ட ஒரு பெட்டியின் அளவுக்கும் பங்கு உண்டு.