நிறம் மாறும் வாகனக் கண்ணாடி

மின்சாரத்தால் தெளிவையோ நிறத்தையோ மாற்றிக்கொள்ளும் சன்னல் கண்ணாடி. ஓட்டுநரில்லா வாகனத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில். 1999 நவம்பரில் ஓடத் தொடங்கிய இதன் பாதை, சில இடங்களில் அடுக்குமாடி வீடுகளை ஒட்டிச் செல்கிறது. வண்டி அங்கே நெருங்கியதும் சன்னல்கள் தாமாகவே மங்கிவிடும், கடந்ததும் தெளியும். பயணிக்கு வேடிக்கை, வீட்டுக்காரருக்கு நிம்மதி.

இத்தகைய கண்ணாடியின் திரவப் படிக வகையில், இரு கண்ணாடிகளுக்கு இடையே உள்ள படலத்தில் நுண்ணிய படிகத் துளிகள் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அவை வரிசைப்பட்டு ஒளியை விடும். நின்றால் ஒளியைச் சிதறடித்துப் பால்நிறம் காட்டும். இது பார்வையைத்தான் மறைக்கும், வெயிலைப் பெரிதாகத் தடுக்காது. வெயிலுக்கு மின்நிறமாற்ற வகையே மேல். போயிங் 787 விமானத்தில் திரைக்குப் பதில் இருப்பது அதுதான். பொத்தானை அழுத்தினால் மெல்ல மெல்ல நீலம் ஏறும்.

இந்தியச் சாலையில் வாகனக் கண்ணாடிக்கான விதி கண்டிப்பானது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதிப்படி, முன்பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் வாகனக் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புப் படலத்துக்குத் தடை விதித்தது. ஓட்டுவதற்கு ஆளே இல்லாத காருக்கு முன்கண்ணாடித் தெளிவு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. விதியோ ஓட்டுநரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.