ஜெயிச்சதுக்காக ஜெயிலுக்குப் போனவர்

போன ஜூன் 12 அன்னிக்கு எங்க வீட்டுல ஒரே சத்தம். எங்க வீடுன்னா, கிளாஸ்கோவுல நாலு மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிற வீடு. அதுல ஒருத்தர் லாகோஸ்காரர். ஊருல இருக்கிற அம்மாகிட்ட ஃபோன்ல ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்தார். என்ன விசேஷம்னு கேட்டேன். "1993-ல எங்கம்மா போட்ட ஓட்டைப் பத்தி வருஷா வருஷம் இந்த நாள்ல பேசுவாங்க. செல்லாமப் போன ஓட்டு"ன்னார். யாருக்குப் போட்டாங்கன்னு கேட்டதுக்கு, "இந்த ஊரு யுனிவர்சிட்டியில படிச்ச ஒருத்தருக்குத்தான்"னு சிரிச்சார்.

எம்.கே.ஓ. அபியோலாங்கிற பேரை நான் கேள்விப்பட்டது அன்னிக்குத்தான். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் தீசிஸை ஓரமா வெச்சுட்டு இவரைப் பத்தியே படிச்சுட்டிருந்தேன் (மேற்பார்வையாளர் இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியம்தான்). பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அபியோலா பிறந்தது 1937 ஆகஸ்ட் 24-ல, லாகோஸுக்கு வடக்கே இருக்கிற அபெயோகுட்டாவில். அப்பாவுக்கு இவர் 23-வது பிள்ளை. முன்னாடி பிறந்த 22 பேரும் தங்கல. இதுவாவது தங்குமாங்கிற பயத்துல வெச்ச பேர் 'கஷிமாவோ'. யொருபா மொழியில 'பொறுத்திருந்து பார்ப்போம்'னு அர்த்தம்.

ஒன்பது வயசுல விடியறதுக்கு முன்னாடியே காட்டுக்குப் போய் விறகு பொறுக்கி, அதை வித்துட்டுப் பள்ளிக்கூடம் போவாராம். பதினஞ்சு வயசுல ஒரு பாட்டுக் குழு ஆரம்பிச்சு விசேஷ வீடுகள்ல வாசிச்சிருக்கார். அபெயோகுட்டா பாப்டிஸ்ட் ஆண்கள் பள்ளியில மாணவர் பத்திரிகைக்கு இவர் ஆசிரியர். துணை ஆசிரியர் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ, பின்னாளில் நைஜீரியாவை ஆண்டவர். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில வருவார்.

உதவித்தொகையில கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு வந்து கணக்கியல் படிச்சார். ஊர் திரும்பி மருத்துவமனைக் கணக்கர், அப்புறம் ஃபைசர், அப்புறம் ஐ.டி.டி. என்கிற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம். அங்கேதான் வாழ்க்கை மாறுது. நைஜீரியாவில் அப்போது இராணுவ ஆட்சி. இராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த முர்தாலா முகமதுவோடு பழக்கம் ஏற்படுகிறது. 1975-ல் அதே முர்தாலா நாட்டின் தலைவராகிறார். எண்ணெய்ப் பணம் கொட்டின காலம், தொலைபேசி ஒப்பந்தங்கள் பெரிசு பெரிசா வந்த காலம். அபியோலா ஐ.டி.டி.யின் ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்குப் பகுதிகளுக்குத் துணைத் தலைவரானார்.

பணம் வந்தது. ஆனா டெலிஃபோன் ஒழுங்கா வேலை செய்யலங்கிறது ஜனங்களோட புகார். பாடகர் ஃபெலா குட்டி ஐ.டி.டி. என்கிற மூணு எழுத்துக்குத் 'திருடன்'னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பாட்டே போட்டார். அதுல அபியோலாவையும் ஒபசாஞ்சோவையும் பேர் சொல்லியே தாக்கினார்.

இதையெல்லாம் மறைக்கக் கூடாது. அபியோலாவின் செல்வம் இராணுவ ஆட்சிகளின் நிழலில் வளர்ந்த செல்வம். 1985-ல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் பபங்கிடா அவருக்கு நெருங்கிய நண்பர். இன்னொரு பக்கம், சம்பாதிச்சதை வாரிக் கொடுத்தவரும் இவர்தான். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், நூலகம், மாணவர்களுக்கு உதவித்தொகைன்னு நாடு பூராவும் கொடுத்தார். 1980-ல் 'கான்கார்ட்' பத்திரிகையைத் தொடங்கினார். 'அபியோலா பேப்ஸ்'னு ஒரு கால்பந்து அணி நடத்தினார். அடிமை வணிகத்துக்காக ஆப்பிரிக்காவுக்கு இழப்பீடு வேணும்னு உலக மேடைகள்ல கேட்டார். வாங்கின இடம் வேற, கொடுத்த இடம் வேற. அவருக்கு விழுந்த ஓட்டைப் புரிஞ்சுக்க இது ரெண்டுமே தெரியணும்.

அரசியலுக்கு அவர் புதுசு இல்ல. ஷகாரியின் தேசியக் கட்சியில் இருந்து, அதிபர் வேட்பாளராக வழியில்லைன்னு தெரிஞ்சதும் 1982-ல் வெளியே வந்தவர். பத்து வருஷம் கழிச்சு, இராணுவமே ரெண்டு கட்சிகளை உருவாக்கித் தேர்தல் நடத்தினப்போ மறுபடி இறங்கினார். 1993 மார்ச்சில் ஜாஸ் நகரத்தில் நடந்த எஸ்.டி.பி. கட்சி மாநாட்டில் வேட்பாளரானார். எதிர்த்து நின்றவர் என்.ஆர்.சி. கட்சியின் பஷீர் டோஃபா, வடக்கே கானோவைச் சேர்ந்த தொழிலதிபர்.

1993 ஜூன் 12. காலையில பேர் பதிவு செய்யணும், அப்புறம் ஓட்டு. சீட்டுல மறைவா குறி வெச்சு எல்லார் முன்னாடியும் பெட்டியில போடணும். எண்ணுறதும் அங்கேயே, ஜனங்க முன்னாடியே. இதனாலதான் பின்னாடி முடிவை மறைக்க முடியாமப் போச்சு. அபியோலாவுக்குச் சுமார் 83 லட்சம், டோஃபாவுக்குச் சுமார் 59 லட்சம். 30 மாநிலங்கள்ல 19-ல் அபியோலா முன்னிலை, டோஃபாவின் சொந்த கானோ உட்பட! தெற்கத்தி யொருபாக்காரருக்கு வடக்கத்தி ஹௌசாக்காரர்கள் ஓட்டு. அபியோலாவும் துணை அதிபர் வேட்பாளர் கிங்கிபேயும் ரெண்டு பேருமே முஸ்லிம்கள், இருந்தும் கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள பகுதிகள்லயும் ஓட்டு. இனமும் மதமும் பார்த்தே அரசியல் நடந்த நாட்டுல இது சாதாரண விஷயம் இல்ல.

ஜூன் 23-ந்தேதி தேர்தல் ரத்து. அறிவிப்பு வந்தது கையெழுத்துகூட இல்லாத ஒரு வெத்துத் தாள்ல. செய்தது நண்பர் பபங்கிடாவின் அரசு.

லாகோஸ் பத்தி எரிஞ்சது. துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆகஸ்டில் பபங்கிடா விலகி, ஷொனெகன் என்ற தொழிலதிபர் தலைமையில் இடைக்கால அரசை வைத்துவிட்டுப் போனார். நவம்பர் 17-ல் ஜெனரல் அபாச்சா அதையும் கவிழ்த்தார். அபியோலா என்ன பண்ணினார்? முதல்ல வெளிநாடு போய் ஆதரவு தேடினார், திரும்பி வந்தார், அபாச்சா தன்னிடம் பதவியைக் கொடுப்பார்னு நம்பினார். கிங்கிபேயோ அபாச்சாவுக்கே அமைச்சரானார். அதுவரைக்கும் அபியோலா பழைய அபியோலாதான். தெரிஞ்ச ஜெனரல்கள்கிட்ட பேசியே முடிச்சுடலாம்னு நினைச்ச வியாபாரி.

மாற்றம் வந்தது 1994 ஜூன் 11-ல். லாகோஸ் தீவில் எப்பெடெடோ என்ற இடத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்று, நான்தான் இந்த நாட்டின் அதிபர் என்று அறிவித்தார். ஜூன் 23-ல் கைது, தேசத்துரோக வழக்கு. எண்ணெய்த் தொழிலாளர்கள் அவருக்காக வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவருடைய பத்திரிகைகளை அரசு மூடியது. நிபந்தனையோடு ஜாமீன் தர்றோம்னு வந்தப்போ வேண்டாம்னுட்டார். 'அதிபர் நான்தான்கிறதை விட்டுடு, வீட்டுக்குப் போகலாம்' என்பதுதான் நாலு வருஷமும் அவர் முன்னாடி இருந்த பேரம். ஆயுசு பூரா பேரம் பேசியே சம்பாதிச்ச மனுஷன் இந்தப் பேரத்துக்கு மட்டும் படியல.

அதுக்கு விலையும் கொடுத்தார். வெளியே அவருக்காகப் போராடிய மனைவி குதிராத், 1996 ஜூன் 4-ல் லாகோஸில் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். உள்ளே இவருக்கு வெளியுலகமே தெரியாது. 1998-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பார்க்கப் போனப்போ, அவர் யாருன்னே அபியோலாவுக்குத் தெரியல. அந்த எகிப்துக்காரர் என்ன ஆனார்னு கேட்டிருக்கார். வெளியே வந்ததும் அதிபராயிடலாம்னு நம்பற அளவுக்குத் தான் வெகுளி இல்லைன்னு அபியோலா சொன்னதா அன்னான் பின்னாடி செய்தியாளர்கள்கிட்ட சொன்னார்.

1998 ஜூன் 8-ல் அபாச்சா திடீர்னு செத்தார். அபியோலா வெளியே வரப்போறார்னு நாடே காத்திருந்தது. ஜூலை 7-ந்தேதி, அமெரிக்காவிலிருந்து வந்த தாமஸ் பிக்கரிங், சூசன் ரைஸ் குழுவோடு பேசிக்கொண்டிருந்தபோதே உடம்புக்கு முடியாமல் போய், அன்றைக்கே இறந்துபோனார். வயசு 60. வெளிநாட்டு மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்து இதய நோய் என்றார்கள். அங்கே குடித்த டீயில்தான் ஏதோ இருந்தது என்று இன்னிக்கும் நம்பறவங்க நிறைய பேர், என் வீட்டு நண்பர் உட்பட.

1999-ல் ஜனநாயகம் திரும்பியது. அதிபரானவர் அதே பள்ளிக்கூடத்துத் துணை ஆசிரியர் ஒபசாஞ்சோ! தான் பதவியேற்ற மே 29-ஐ ஜனநாயக நாளாக்கினார். அவருடைய எட்டு வருஷ ஆட்சியில் ஜூன் 12-க்கு மத்திய அரசு மரியாதை எதுவும் இல்லை. 2012-ல் குட்லக் ஜோனதன் லாகோஸ் பல்கலைக்கழகத்துக்கு அபியோலா பேரை வைக்கப் போக, மாணவர்களே தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள், அது நடக்கவில்லை. 2018 ஜூன் 6-ல்தான் அதிபர் புகாரி ஜூன் 12-ஐ ஜனநாயக நாளாக அறிவித்து, அதிபர்களுக்குத் தரும் உயரிய விருதை அபியோலாவுக்குக் கொடுத்தார். அந்தப் புகாரியும் ஒரு காலத்துல ஆட்சியைக் கவிழ்த்து வந்த ஜெனரல்தான்.

2025 பிப்ரவரியில் வெளியான தன்வரலாற்றில், ஜெயிச்சது அபியோலாதான்னு பபங்கிடாவே ஒத்துக்கிட்டார். 32 வருஷம் ஆச்சு.

எனக்குத் தோணுறது இதுதான். அபியோலா நல்லவரா கெட்டவராங்கிற கேள்விக்கு ஃபெலா பாட்டையும் உதவித்தொகையையும் தராசுல வெச்சுப் பார்த்தா முடிவே வராது. ஆனா அந்த ஒரு நாள் வரிசையில நின்னவங்க ஓட்டு தன்னோட சொத்து இல்ல, வித்துட்டுப் போக முடியாதுன்னு ஒரு கட்டத்துல அவருக்குப் புரிஞ்சிருக்கு. அதுக்கு முன்னாடி செஞ்சது எதையும் இது அழிச்சுடாது. ஆனா நைஜீரியாக்காரங்க ஞாபகம் வெச்சிருக்கிறது இந்த அபியோலாவைத்தான்.

பபங்கிடா ஒத்துக்கிட்ட சேதி கேட்டு உங்கம்மா என்ன சொன்னாங்கன்னு நண்பர்கிட்ட கேட்டேன். "எண்ணும்போது நான் பக்கத்துலதானே நின்னேன், எனக்கென்ன புதுசா?"ன்னாங்களாம்.

குதிராத் பத்தி ரெண்டு வரியில முடிச்சதுல எனக்கே திருப்தி இல்ல. தீசிஸ் முடியட்டும், அவங்களைப் பத்தித் தனியா எழுதறேன்.