இருதயத்தை இயக்குவது எது? துடிப்பின் கட்டுப்பாடு பற்றிய விவாதமும் அதன் சமூகப் பின்புலமும்

விஞ்ஞானக் கருத்துகளின் வரலாற்றினை ஆராயும்பொழுது, அவை தோன்றிய சமூகத்தின் சிந்தனைப் படிமங்கள் அவற்றுட் பதிந்திருத்தலைக் காணலாம். ஆயின் அப்பதிவு எத்தன்மையது என்பதே விவாதத்துக்குரியது. இருதயம் எதன் ஏவலால் துடிக்கின்றது என்னும் உடற்றொழிலியற் பிரச்சினை இதனை ஆராய்வதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட தமது நூலை முதலாம் சார்ள்ஸ் மன்னனுக்குச் சமர்ப்பித்தார். இருதயம் உடலின் அரசனாகவும், மன்னன் தன் இராச்சியத்தின் இருதயமாகவும் அங்கு உருவகிக்கப்பட்டனர். 1649இல் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவ்வாண்டிலும் 1651இலும் வெளிவந்த ஹார்வியின் எழுத்துகளில் குருதியே முதன்மை பெறுகின்றது. மார்க்சிய வரலாற்றாசிரியர் கிறிஸ்தோபர் ஹில் 1964இல் இவ்விரு மாற்றங்களையும் தொடர்புபடுத்தினார். குருதியின் முதன்மை ஹார்வியின் ஆரம்பகால விரிவுரைக் குறிப்புகளிலேயே காணப்படுவதென 1965இல் குவெனெத் விட்டரிட்ஜ் மறுத்துரைத்தார். ஹில்லின் வினா பெறுமதியானது; எனினும் அரசியல் நிகழ்ச்சிக்கும் விஞ்ஞானக் கருத்துக்குமிடையே நேர்கோடு வரைவது யாந்திரிகமாகவே முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பிரச்சினை பரிசோதனைக்கூடத்துக்குள் வந்தது. 1845இல் வேபர் சகோதரர், வேகசு நரம்பினை மின்னாற் தூண்டி இருதயத்தை நிறுத்திக் காட்டினர். இருதயத்தினுள்ளேயே நரம்புத்திரட்டுகள் உள்ளனவென ரேமாக் முதலியோர் கண்டனர். எனவே துடிப்பு நரம்பிலிருந்தே பிறக்கின்றது என்ற கொள்கை வலுப்பெற்றது. இதற்கு மாறாக, கேம்பிரிட்ஜில் வால்ட்டர் காஸ்கெல் 1880களில் ஆமையின் இருதயத்திலிருந்து நரம்புத்திரட்டற்ற தசைத்துண்டுகளை வெட்டியெடுத்து, அவை தாமாகவே ஒழுங்காகத் துடித்தலை அவதானித்தார். கருவில் நரம்புகள் சென்றடையுமுன்னரே இருதயம் துடிக்கத் தொடங்குவதென்பதும் நிறுவப்பட்டது.

இதன்பின் துடிப்பின் பாதை படிப்படியாகத் தெளிவுற்றது. மார்பூர்க்கில் அஷோஃபின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஜப்பானியர் சுனாவோ தவாரா, 1906இல் மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் கடத்துந்தொகுதியை முழுமையாக விளக்கினார். 1907இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக் என்ற மாணவரும், துடிப்புத் தோன்றும் குடாக்கணுவை விவரித்தனர். மின் அலை அங்கிருந்து மேலறைகளிற் பரவி, இடைக்கணுவிற் செக்கனில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு தாமதித்து, பின்னர் கீழறைகளை விரைந்தடைகின்றது. மேலறைகள் தம் குருதியைக் கீழறைகளுட் செலுத்தி முடிக்க அத்தாமதமே இடமளிக்கின்றது.

இவ்விடத்துக் கருவிகளின் வரலாறு மனங்கொள்ளத்தக்கது. இருதய மின்னலையைத் துல்லியமாகப் பதிவுசெய்ய ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த இழைக் கல்வனோமானிக்கு முன்னோடியாக, கடலடித் தந்திக்கென அதே தத்துவத்தில் ஆடெர் 1897இல் ஆக்கிய கருவியைக் கூறுதல் வேண்டும். முதலாளித்துவ வாணிகமும் பேரரசுகளும் வேண்டிநின்ற தந்திக் கம்பிகளின் தேவை, நுண்ணிய மின்னோட்டங்களை அறியும் ஆற்றலையும் வளர்த்தது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி விஞ்ஞானத்திற் செலுத்தும் செல்வாக்கை ஹார்வியின் உருவகத்தைவிட இக்கருவியிலேயே தெளிவாகக் காணலாம்.

துடிப்பு தசையிற் பிறக்குமாயின் நரம்பின் பங்கு யாது? 1921இல் ஒட்டோ லோவி ஒரு தவளை இருதயத்தின் வேகசு நரம்பைத் தூண்டி, அதனைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றோர் இருதயத்துக்கு அளித்தார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு இரசாயனப் பொருளொன்றின் வாயிலாகச் செயற்படுகின்றது என்பது வெளிப்பட்டது. 1936இல் நோபல் பரிசினை டேலுடன் பகிர்ந்துகொண்ட லோவியை, 1938இல் நாசிகள் சிறைப்படுத்தி, அப்பரிசுப் பணத்தையும் ஒப்படைக்கச் செய்தே நாட்டைவிட்டு வெளியேறவிட்டனர். விஞ்ஞானியின் வாழ்வை அரசியல் நிர்ணயித்தது. அவர் கண்ட உண்மையை அதனால் மாற்ற முடியவில்லை.

1979இல் பிரவுண், டிஃபிரான்செஸ்கோ, நோபிள் ஆகியோர் குடாக்கணுக் கலங்களில் விசித்திரமானதோர் அயனோட்டத்தை விவரித்தனர். ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் கலத்தின் மின்னழுத்தம் மறைத்திசையில் வீழும்போது இவ்வோட்டம் திறந்து, அடுத்த துடிப்பை நோக்கிக் கலத்தை மெல்ல இட்டுச்செல்கின்றது. கல்சியத்தின் உள்ளியக்கமும் இதிற் பங்குகொள்கின்றது. பரிவு நரம்புகள் இதனை விரைவுபடுத்த, வேகசு தாமதப்படுத்துகின்றது. நரம்புத்தொடர்பு அறுபட்ட மாற்று இருதயம் ஓய்விலும் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கின்றது. நம்மிற் பெரும்பாலோரின் துடிப்பு அதனிற் குறைந்திருப்பது வேகசுவின் இடையறாத கட்டுப்பாட்டினாலேயாகும்.

ஆகவே துடிப்பின் தோற்றம் இருதயத்துக்குரியது. அதன் வேகம் உடல் முழுவதன் தேவைக்குரியது. சுயாதீனமும் கட்டுப்பாடும் இங்கு ஒன்றையொன்று விலக்குவனவல்ல. இதனையும் பொதுவிதியாக்கிவிட முடியாது: குதிரைலாட நண்டின் இருதயம் நரம்பினாலேயே துடிக்கின்றதென 1904இல் கார்ல்சன் நிரூபித்தார். எது எங்கே பொருந்தும் என்பதைப் பரிசோதனையே கூறும்.

இலக்கியத்தைச் சமூகத்தோடு இணைத்து நோக்குவோர் இவ்வரலாற்றிலிருந்து பெறக்கூடிய பாடம் ஒன்றுண்டு. சமூக அமைப்பு கருத்துகளுக்கு உருவகங்களையும் கருவிகளையும் வழங்குகின்றது. அவற்றின் வேகத்தையும் மாற்றுகின்றது. ஆனால் ஒவ்வொரு துறையும் தனக்கேயுரிய உள்விதிகளைக் கொண்டது. அவற்றைக் கற்காது பின்புலத்தை மட்டும் விவரிக்கும் விமர்சனம் முழுமையான பொருள்முதல்வாத விமர்சனமாகாது.