செல்டாவில் கொசுவத்தி

புனே வந்த புதிதில், அறைத்தோழனின் கம்ப்யூட்டரில் 'செல்டா' தொடரின் 'ஒக்கரினா ஆஃப் டைம்' (1998) விளையாடிக் கிடந்தேன். அதில் 'டெம்பிள் ஆஃப் டைம்' என்றொரு கோயில். அங்கே வாளை உருவினால் ஏழு வருடம் ஓடிவிடும்.

2006-ல் 'ட்விலைட் பிரின்சஸ்' அந்தக் கோயிலை இடிபாடாகக் காட்டியது. ஆனால் ஒரு கதவு வழியே போனால் பழைய காலம், கோயில் முழுசாக! கொசுவத்தி சுற்றுவது என்றால் இதுதான்.

2017-ல் 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' அந்தக் கதவை வைக்கவில்லை. இடிந்தது இடிந்ததுதான். பழைய மெட்டு மட்டும் பியானோவில், ஆமை வேகத்தில். எனக்குத் தொண்டை அடைத்தது. (வயசாகிறது போல.) பழசு தெரியாதவனுக்கோ அது புது உலகம்: மலை தெரிந்தால் ஏறலாம், மழை பெய்தால் வழுக்கும்.

பக்கத்தில் இருந்த மகன் கேட்டான்: "அப்பா, அந்தக் கோயில் சுவர்ல ஏற முடியுமா?"

ஏறலாம்டா. 1998-ல் அது முடியாது.