பேரளத்துக்கு நேர்வழி

பல ஆண்டுகள் நான் காரைக்காலிலிருந்து சென்னைக்குப் போன ரயில் முதலில் தெற்கே போகும். நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் என்று சுற்றி, பிறகுதான் வடக்கே திரும்பிப் பேரளத்தைத் தொடும். அறுபது கிலோமீட்டருக்கு மேல் சுற்று. நேராகப் போனால் பேரளம் 23 கிலோமீட்டர்தான்.

அந்த நேர்வழி ஒருகாலத்தில் இருந்தது. பிரெஞ்சுக் காரைக்காலை வெள்ளைக்காரன் பக்கத்துப் பேரளத்தோடு இணைத்து, திருநள்ளாறு வழியாக 1898ல் வந்த மீட்டர் கேஜ் பாதை. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. 1980களின் பிற்பகுதியில், வருமானம் இல்லாத கிளைப்பாதை என்று அதை மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்தார்கள். பிறகு 2011 கடைசியில் நாகூர்ப் பாதை வரும்வரை எங்கள் ஊரில் ரயில் சத்தமே கிடையாது. “நாலு பொட்டி வண்டின்னாலும் நம்ம ஊரு வண்டிடா” என்பார் அப்பாயி.

பாரிஸில் இருக்கும் சித்தப்பா ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரே பேச்சுதான். “லியோனுக்கு ரெண்டு மணி நேரம்டா. இங்க புல்லட் ரயில் வந்தா ஏன் அழறீங்க?” 1981ல் பிரான்ஸ் அந்த அதிவேகப் பாதையைத் திறந்தது. அதே பத்தாண்டில்தான் எங்கள் தண்டவாளம் போனது.

சித்தப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜப்பானில் 1964ல் ஷின்கான்சென் திறப்பதற்கு முன்பே செலவு மதிப்பீட்டைப் போல இரு மடங்காகி, ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜி பதவி விலக நேர்ந்தது. ஆனால் டோக்கியோ–ஒசாகா பழைய பாதையில் ஏற்கெனவே இடமில்லை, அவ்வளவு கூட்டம். அதனால் புதிய பாதை போட்ட காசை எடுத்தது. பாரிஸ்–லியோன் கதையும் அதுதான்.

ஆகவே அதிவேக ரயிலே வீண் என்று நான் சொல்லமாட்டேன். என் சண்டை கணக்கெழுதும் முறையோடு. மும்பை–அகமதாபாத் 508 கிலோமீட்டருக்கு 2015ல் போட்ட மதிப்பீடு ஏறத்தாழ 1 லட்சம் கோடி ரூபாய். அதன் வரவுப் பக்கத்தில் வேலைவாய்ப்பு, தொழில்நுட்பம், நில மதிப்பு, நாட்டின் பெருமை எல்லாம் ஏறும், டிக்கெட் கடைசியில்தான் வரும். பேரளம் பாதைக்கு மட்டும் வரவு என்றால் டிக்கெட் மட்டுமே. கல்லூரிக்குப் போன பிள்ளை, சனிக்கிழமை திருநள்ளாறுக்கு வந்த கூட்டம், மருத்துவமனைக்குப் போன கிழவி, யாரும் அந்தப் பேரேட்டில் இல்லை.

பெயர்த்ததை இப்போது சுமார் 300 கோடி ரூபாயில் அகலப்பாதையாக மீண்டும் போட்டு, 2025ல் சோதனை ஓட்டமும் நடத்தினார்கள். புல்லட் ரயில் மதிப்பீட்டில் அது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டருக்கான காசு. பழைய தடத்தின் நிலம் கையில் இருந்ததால்தான் இதுவாவது முடிந்தது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் நிலம் எடுத்து முடிக்கவே 2024 ஆகிவிட்டது.

அடுத்த முறை சித்தப்பா வரும்போது மணிக்கு 320 கிலோமீட்டர் பற்றிப் பேசட்டும், கேட்டுக்கொள்கிறேன். சாதாரண வண்டியிலேயே நாற்பது கிலோமீட்டர் சுற்று மிச்சமாவதை எந்த வேகக் கணக்கில் சேர்ப்பீங்க என்று மட்டும் கேட்பேன்.